கரடியின் மத்தளம்

அப்பா பலாக்கட்டையைக் குடைந்து செய்துகொடுத்த மத்தளத்தைக் கரடி தன் உயிராக வைத்திருந்தது. ஒருநாள் மரநாய் வந்து, "அண்ணே, ரெண்டே நாள் வாசிச்சிட்டுத் தந்துடறேன்" என்று கெஞ்சவே, அரைமனதாகக் கொடுத்துவிட்டது.

இரண்டு மாதமாகியும் மத்தளம் திரும்பவில்லை. விடிந்தால் தங்கைக்குக் கல்யாணம். கரடி மரநாயிடம் ஓடியது.

"மத்தளமா? மலைமேல இருக்கிற முள்ளம்பன்றி கேட்டுச்சு. இல்லைன்னு சொல்ல மனசு வரலை, குடுத்துட்டேன்" என்றது மரநாய்.

பல்லைக் கடித்துக்கொண்டு கரடி மலையேறியது.

"அது என் மத்தளம்."

"இருக்கலாம்" என்றது முள்ளம்பன்றி. "ஆனா இரவல் குடுத்தா எதுவும் ஒழுங்கா திரும்பி வர்றதில்லைங்க. அதனால நான் யாருக்கும் தர்றதில்லை."

"எங்கப்பா செஞ்சதுய்யா!"

"அப்படியா? சுத்தமான கைவேலை. அதான் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

உச்சி வெயில் சாயும்வரை கரடி கத்திப் பார்த்தது. தங்கை முகம் நினைவுக்கு வந்ததும் தோற்றுப்போய்க் கைகூப்பியது. "ஒரே ஒரு நாள் குடுங்க. பத்திரமா கொண்டுவந்து தந்துடறேன்."

"சரி, நானும் கூட வருவேன்" என்றது முள்ளம்பன்றி.

மறுநாள் தாலி ஏறும் நேரம். கரடி சந்தோஷத்தில் கெட்டிமேளம் முழக்கியது. முன்வரிசையிலிருந்து முள்ளம்பன்றி பதறி எழுந்தது.

"மெதுவாய்யா! அடுத்தவங்க பொருள்னா இப்படியா அடிக்கிறது?"

பந்தலே திரும்பிக் கரடியை முறைத்தது.