மூன்று தட்டு

குழம்புக் கரண்டி தம்பியின் வாயில் அறைகிற சத்தத்துக்கு, தண்ணீர்ச் செம்பைப் போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து ஓடிவருகிறாள் அக்கா. வாரம் முழுக்க லாரி ஓட்டும் அண்ணன், வீட்டிலிருக்கும் ஒரே நாளில் பார்த்துப் பார்த்துச் சமைத்திருக்கிறான். மூன்று பேரும் உட்காராமல் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. அம்மா போனதிலிருந்து அதுதான் வழக்கம். ஒன்றரை மணி நேரம் காக்கவைத்து வந்த தம்பியோ, கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆட, "நான் வெளிய சாப்ட்டுட்டேன்" என்றுவிட்டான். இப்போது அவன் சட்டையில் குழம்பும் ரத்தமும் ஒன்றாக வழிகின்றன. "கொன்னே போட்டுருவேன்டா!" அண்ணன் கையில் கரண்டி மறுபடி ஓங்குகிறது. ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் அடுத்தவர் காயத்துக்குக் கட்டுப் போட்டவள் அந்தக் கையில் தொங்குகிறாள். "விடுண்ணே! பல்லு ஆடுது பாரு!" கரண்டி தரையில் விழுந்து உருள்கிறது. கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி உட்காரும் தம்பி ஒரு வாய் எடுத்து வைக்கிறான். கிழிந்த உதட்டில் காரம் பட்டுத் துடிக்கிறான். அண்ணன் வெடுக்கென்று தட்டைப் பிடுங்குகிறான். பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் சோற்றில் பாலை ஊற்றி, அடித்த கையாலேயே குழையப் பிசைகிறான். "வாயத் தொறடா, நாயே." தம்பி திறக்கிறான். அதற்குப் பிறகுதான் அக்கா தன் தட்டில் கை வைக்கிறாள்.