நாற்பத்து மூன்றாவது காயில்

கையில் இருந்த முகவரிச் சீட்டைப் படித்துக்கொண்டே பைக் ஓட்டியதில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் சாக்கடைக்குள் வண்டியோடு இறங்கிவிட்டேன். முகவரி சரியாகத்தான் இருந்தது. தெருதான் வளைந்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். முதலில் வண்டியை, பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை. விழும்போதும் புது இக்னிஷன் காயில் வைத்திருந்த அட்டைப் பெட்டியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

வேலூரில் ஒரு மோட்டார் பைக் டீலர் கடையில் நான் சர்வீஸ் கிளார்க். எண்பத்தைந்தில் விற்ற ஒரு லாட் வண்டிகளில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் சரியில்லை, இலவசமாக மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனிக்கு ஞானம் வந்து கடிதம் போட்டிருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று வண்டிகள். நாற்பத்திரண்டு முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றைக் காணோம்.

"நாளைக்கு மெட்ராஸ்லருந்து இன்ஸ்பெக்டர் வர்றார் ஞானமுத்து. அந்தப் பழைய காயில் என் டேபிள் மேல இருக்கணும். இருந்தா நீ பர்மனென்ட். இல்லன்னா திங்கக்கிழமை வராத" என்று மேனேஜர் சாந்தகுமார் சொல்லிவிட்டார்.

நான் பர்மனென்ட் ஆனால்தான் ஜெயபுஷ்பத்தின் அப்பா கல்யாணத் தேதி சொல்வார். நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணை டெம்பரரி ஆளுக்குக் கொடுப்பார்களா? நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

தெருமுனையில் வண்டியைச் சொட்ட விட்டுவிட்டு, எங்கள் ரெஜிஸ்டரில் வண்டி நம்பர் இல்லாமல் பெயரும் முகவரியும் மட்டும் இருந்த அப்துல் வஹீத் பாய் வீட்டுக்கு நடந்தேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"ஃப்ரீயா காயில் மாத்தித் தர்றோம் பாய்."

"ஃப்ரீயா? டியூ கட்டலன்னு வண்டியத் தூக்கினு போற ஆளா நீ?"

"இல்ல பாய், நிஜமாவே ஃப்ரீ."

"சாக்கடைல குளிச்சிட்டு வந்து ஃப்ரீன்ற. நம்புற மாதிரியா இருக்குது?"

அரை மணி நேரப் பேஜாருக்குப் பிறகு விஷயம் வந்தது. வண்டி அவர் பெயரில் இருந்ததே தவிர, ஓட்டியது மச்சான். அந்த மச்சான் அதை விரிஞ்சிபுரம் அந்தோணி வாத்தியாருக்கு விற்றுவிட்டுத் துபாய் போய்விட்டான்.

"வண்டி நம்பராவது சொல்லுங்க பாய்."

"மச்சான் அட்ரஸே என்கிட்ட இல்ல. வண்டி நம்பருக்கு எங்க போறது?"

கிளம்பினேன். வண்டி மாதனூரில் நின்றது. பள்ளிகொண்டாவில் நின்றது. காலையில் வரும்போது நின்றதற்குப் பெட்ரோலைத் திட்டினேன், இப்போது சாக்கடையைத் திட்டினேன். ஓரங்கட்டி ஒரு டீ குடித்தால், உள்ளே போன தண்ணீர் காய்ந்துவிடும் போலிருக்கிறது, ஒரே உதையில் கிளம்பியது. பைக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பில் போடுவது மட்டும்தான்.

அதுவும் எட்டு மாதம் முன்பு செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. விற்றவன் 'தோ வருது' என்று சொன்ன ஆர்.சி. புத்தகம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. விரிஞ்சிபுரத்து எல்லையில் மூன்றாவது முறை நின்றபோது பக்கத்தில் டீக்கடை இல்லை. அதனால் தள்ளிக்கொண்டே வாத்தியார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னலில் ஒரு மீசை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மறைந்தது. வாத்தியாரின் மனைவி தேவகிருபை வெளியே வந்தார்.

"சார் ஊர்ல இல்லிங்க."

உள்ளே யாரோ பலமாகத் தும்மினார்கள். அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "நீங்களே வந்து பேசிக்கோங்க" என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னார்.

அந்தோணி வாத்தியார் வந்து, நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார்.

"வித்தது வித்ததுதான் தம்பி."

"தெரியும் சார். யார்கிட்ட வித்தீங்க?"

"வேலூர் புரோக்கர் ஒருத்தன்கிட்ட. அவன் யாருக்கோ தள்ளிட்டான்."

"வாங்கினவர் யாருன்னு தெரியுமா?"

"நான் அவர் மூஞ்சியப் பாத்ததே இல்ல. இன்னிக்கி வரைக்கும்."

"வண்டி இப்ப எங்க இருக்குன்னாவது சொல்லுங்க சார்."

"இருக்கும். இருக்கற எடத்துல இருக்கும்."

வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இன்ஸ்பெக்டர், திங்கட்கிழமை, ஜெயபுஷ்பம், அவள் அப்பா, சாக்கடை. சாக்கடையை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை, காற்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்தப் பழைய காயில் ஒண்ணு கிடைச்சாப் போதும் சார். புதுசு இதோ இருக்கு" என்று பெட்டியை நீட்டினேன்.

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அப்ப நீங்க பணத்தத் திருப்பிக் கேக்க வரலியா?"

"நான் எதுக்கு சார் உங்ககிட்ட பணம் கேக்கப்போறேன்?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் சட்டென்று கூரையை ஆராயத் தொடங்கினார். தேவகிருபை அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தம்பி, அந்த வண்டியத்தான் நீங்க தள்ளிக்கினு வந்திருக்கீங்க."