முனை அறுத்த கம்பி

இரும்பைக் கடையும் மூன்றாவது டூலும் கருகி உடைந்தது. லேத்காரன் மிஷினை நிறுத்தினான். நாற்காலிக் காலுக்குத் திருகாணி ஆக வேண்டிய கம்பி, பங்காளிப் பகை போல முறைத்துக்கொண்டு நின்றது.

“இன்னொண்ணு உடைச்சே, அப்படியே வீட்டுக்குப் போயிரு,” என்றார் மேஸ்திரி.

“கம்பி சரியில்லண்ணே. சிவப்புக் கம்பி இப்படி முரண்டு பிடிக்காது.”

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! காலையில எதிர்க் கட்டட லிஃப்டைத் தாங்குற பின்னு கடைஞ்சேனே, அது பச்சைக் கம்பி. அதுவே எனக்கு வெண்ணெய் மாதிரி வந்துச்சு. தொழிலு கையில இருக்கணும்டா.” தன் மிஷினடியில் பொடிப்பொடியாகக் கிடந்த இரும்புச் சீவலைக் காலால் ஒதுக்கினார்.

அவன் உடைந்த டூலைக் கழற்றினான். மனைவிக்கு ஏழாம் மாதம். அந்த எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடியில்தான் பெருக்குகிறாள். “இன்னிக்கு லிஃப்ட் ஓடுமாம், என் காலு பொழைச்சுது,” என்று காலையில் சிரித்தாள். இவன் வேலையும் போனால், வலி எடுக்கும் நாள்வரை அவள் துடைப்பத்தைக் கீழே வைக்க முடியாது.

முனையில் சிவப்பு பூசிய கம்பியில் கந்தகம் கூடுதல். கடைய எளிது, பாரம் தாங்காது. பச்சை பாரம் தாங்கும், டூலைத் தின்னும். இரண்டும் மாறிவிடாதிருக்கத்தான் எப்போதும் பெயின்ட் இல்லாத முனையிலிருந்து அறுப்பார்கள்.

கும்பிட்டுவிட்டு நாலாவது டூலை மாட்டினான். சீவல் அறுபடாமல் நீலச் சுருளாக நீண்டு வந்து கையைக் கிழித்தது. டூல் ‘டக்’கென்று போனது.

“கிளம்பு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியின் இரண்டு முனையையும் பார்த்தான். “பெயின்ட் எங்கண்ணே?”

“ரெண்டு கம்பிக்கும் முனை நசுங்கிக் கெடந்துச்சு, அறுத்து எறிஞ்சேன். எது எதுன்னு எனக்குத் தெரியாதா?”

நீலச் சுருளை அள்ளி மேஸ்திரியின் காலடியில் போட்டான். “சிவப்புக் கம்பிக்கு இப்படியாண்ணே வரும்? பொடியால்ல உதிரும்? என்னைப் போகச் சொல்லாதீங்கண்ணே!”

மேஸ்திரி சுருளைப் பார்த்தார். பிறகு, அதற்கடியில் காலையில் தான் கடைந்த பின்னின் பொடியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“உன் வேலை எங்கயும் போகாதுடா.” அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். “மொதல்ல உம் பொண்டாட்டிக்குப் போனைப் போடு. படியில எறங்கி வரச் சொல்லு!”