கீறல் படாத கார்

"இந்த வருஷம் ஃபுல் கவராப் போட்டுடும்மா" என்றார் பஸ் டிரைவர்.

பாலிசி அம்மாவின் பேனா அப்படியே நின்றது. பெயர்தான் அம்மா, வயது முப்பத்தைந்துதான். இந்தத் தெருவில் பாதி வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் போடுகிறவள்.

அவர் ரிட்டயராகிப் பத்து வருஷமாகிறது. தெருவுக்கு இன்னும் பஸ் டிரைவர்தான். ரிட்டயரான கையோடு வாங்கிய காருக்கு இதுவரை தேர்ட் பார்ட்டி மட்டுமே போட்டு வந்தார். அதாவது, சட்டம் கேட்கிற குறைந்தபட்சம். அவர் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும். அவர் காருக்கு அடிபட்டால் சல்லிக்காசு வராது.

"கொஞ்சம் கூடத்தான் போடுங்களேன் சார்" என்று வருஷா வருஷம் இவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சுவாள்.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஒரு கீறல் விழலை. சொந்த வண்டியை இடிக்க நான் என்ன கத்துக்குட்டியா?" என்று அவர் மார்தட்டுவார்.

அந்த மனுஷர் இன்று தானாக இவள் வீடு தேடி வந்து ஃபுல் கவர் கேட்கிறார். பாலிசி அம்மாவுக்குக் குறுகுறுப்புத் தாங்கவில்லை.

"என்ன சார் திடீர்னு?"

"இனிமே வண்டி ஓட்டப்போறது இவ." பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியை முகவாயால் காட்டினார். "கண்டிப்பா இடிப்பா."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பாலிசி அம்மாவுக்குச் சுருக்கென்றது. கட்டின பெண்டாட்டியை அடுத்தவள் முன்னால் இப்படியா சொல்வது?

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மாசக் கடைசியோடு அது காலி. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஐந்தரைக்கு ஊசியும் கையுமாக நிற்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான். இத்தனை நாள் அவர்தான் கொண்டுபோய் விட்டார். இனி அவள் ஓட்டினால்தான் அந்த வேலை நிலைக்கும்.

அவள் லைசென்ஸ் வாங்கி மூன்று மாசமாகிறது. அவள் கையில் கார் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

"குறைச்சலாவே போடுங்கம்மா" என்றாள் அவள் மெதுவாக. "எனக்குப் பயமா இருக்கு. வேலையை விட்டுடலாம்னு பார்க்கறேன்."

"நீ சும்மா இரு."

பாலிசி அம்மா கால்குலேட்டரைத் தட்டினாள். "சார், கமிஷன் எனக்குத்தான் வரும், ஆனாலும் மனசாட்சியோட சொல்றேன். பத்து வருஷத்து வண்டி. வித்தா பெருசா ஒண்ணும் தேறாது. ஃபுல் கவர்னா மூணு மடங்கு கட்டணும். அடிபட்டாலும் முதல்ல கொஞ்சம் உங்க கையைக் கடிக்கும், மீதியைத்தான் கம்பெனி தரும். பென்ஷன்ல இதெல்லாம் தேவையா?"

"பல்லு கட்ட வச்ச பணம் இருக்கு."

"அப்ப பல்லு?"

"திட்டறதுக்குப் பல்லு வேணாம். நீ போடு."

நல்லா மாட்டினாள் இந்த அக்கா என்று நினைத்துக்கொண்டே பாலிசி அம்மா போனை எடுத்தாள். "வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும் சார். புதுசா ஃபுல் கவருக்கு மாறறவங்களுக்கு அது ரூல். போட்டோல ஏற்கெனவே இருக்கற அடிக்குக் கம்பெனி பொறுப்பில்லை. உங்க வண்டியில தேடினாலும் கிடைக்காது, விடுங்க."

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். கார் அவர் தினமும் துடைக்கிற துடைப்பில் பளபளவென்று நின்றது.

"நிழல் விழுது. ரெண்டடி முன்னால எடுங்கக்கா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு அடிதான் நகர்ந்திருக்கும்.

"ஏய், கேட் தூண்! தூணைப் பாரு!" பானெட்டில் தட்டிக் கத்தினார்.

என்ஜின் உதறி அணைந்தது. அவள் கண் கலங்க இறங்கி வந்தாள்.

"என்னால ஆகாதுங்க. வாங்கினதுலேர்ந்து ஒரு கோடு விழாம வச்சிருக்கீங்க. அது என் கையால விழணுமா? அந்த நினைப்புலயே பிரேக் எது, கிளட்ச் எதுன்னு மறந்துபோகுது."

பாலிசி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க இப்படிக் கத்தினா யாருக்குத்தான் கை வரும் சார்?"

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"போட்டோ எடுத்துட்டியா?"

"இன்னும் இல்லை."

"நல்லதாப் போச்சு. இரு."

சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். பழக்க தோஷம், கதவில் இருந்த தூசியைக் கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்தார். பிறகு சாவியை அழுத்தி வைத்து, முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

"ஐயையோ! என்னங்க பண்றீங்க?" மனைவி அலறிவிட்டாள். பாலிசி அம்மாவின் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது.

அவர் சாவியில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைக் கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டார்.

"இப்ப எடும்மா. நல்லாத் தெரியற மாதிரி எடு. இதுக்குக் கம்பெனி ஒரு பைசா தர வேணாம்."

அப்புறம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நாற்பத்தோரு வருஷத்துல முதல் கீறலை நானே போட்டாச்சு. இனி நீ போடறது ரெண்டாவதுதான். ஏறு, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வருவோம்."