முதல் பறத்தல் இலவசம்

“சிரிம்மா. போட்டோவை இப்பவே எடுத்துடலாம்,” என்றார் கிளப் செயலாளர்.

“இறங்கி வந்தப்புறம் எடுத்தா இன்னும் நல்லாச் சிரிப்பேனே சார்.”

“இங்க எல்லாருக்கும் முன்னாடியேதான் எடுப்போம்.”

குருவி சிரித்தாள். ஒல்லி உடம்புக்காகப் பள்ளியில் வைத்த பட்டப்பெயர் அது. கல்லூரியை முடித்த பிறகும் விட்டுப் போகவில்லை. செயலாளருக்குப் பின்னால், சுவர் முழுக்க இளம் முகங்கள். எல்லாம் தலைமுடி கலையாத, காற்றே படாத முகங்கள்.

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் பறப்பது பணக்காரப் பெரியவர்களின் பொழுதுபோக்கு என்ற பேச்சை மாற்ற, அந்த கிளப் கொண்டுவந்த திட்டம் ‘இளம் சிறகுகள்’. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பயிற்சி பாதிக் கட்டணம். தனியாகப் பறக்கும் பரீட்சை முழு இலவசம். ஒரே நிபந்தனை, அன்றைய முதல் பறத்தலாக அது இருக்க வேண்டும். இன்று தேறிவிட்டால் குருவிக்கு உரிமம். தவறினால் வயது தாண்டிவிடும். முழுக் கட்டணம் கட்டிப் பறக்க அவள் ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள்.

“ஏன்டி, அங்க பதினஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. தொப்பி, கண்ணாடி எல்லாம் மாட்டி ரெடியாத்தான் இருக்காங்க. ஒருத்தர்கூட இன்னும் மேல போகலையே?”

“எனக்காக வெயிட் பண்றாங்கம்மா.”

“இந்த மாதிரி ஆளுங்க நமக்காக எப்படி வெயிட் பண்ணுவாங்க?”

குருவிக்குச் சுருக்கென்றது. “கிளப் தலைவர் தன்னோட சொந்த கிளைடரையே குடுத்திருக்கார். யாராவது நல்லது செஞ்சாலே உனக்கு வயித்தக் கலக்கும்.”

“கையெழுத்து வாங்குனாங்களே, அந்தக் காகிதத்துல என்ன இருந்துச்சு?”

“படிச்சுட்டேன். எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்.”

“சரி, படிச்சவ நீ சொல்ற,” என்று அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

குருவி திடலுக்குள் நடந்தபோது உறுப்பினர்களின் பேச்சு அப்படியே நின்றது. ஒரு அம்மாள் தன் நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். தலைவர் மட்டும் கிளைடரின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் நெருங்கியதும் ஒதுங்கிப் போனார்.

மெக்கானிக் அவளுக்கு பெல்ட் மாட்டிவிட்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாரசூட் கைப்பிடி எங்க இருக்குன்னு தெரியும்ல?”

“மூணு தடவை கேட்டுட்டீங்கண்ணே.”

“நாலாவது தடவையா தொட்டுக் காட்டு.”

தொட்டுக் காட்டினாள்.

கிளைடரை மேலே ஏற்றிவிடும் கேபிள் வெடுக்கென்று இழுத்தது. தரை நழுவியது. உயரத்தில் கேபிள் கழன்றதும் உலகமே வாயை மூடிக்கொண்டது போல் இருந்தது. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கே அடித்துக்கொள்ளும் குடும்பத்தில், இத்தனை பெரிய ஜன்னல் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

ரேடியோவில் செயலாளர் வந்தார். “ஏதாவது சத்தம் கேக்குதா?”

“காத்துதான் சார்.”

“இடது பக்கம்?”

“அங்கயும் காத்துதான்.”

“இடது பக்கமா சாய்ச்சுத் திரும்பு. இன்னும். இன்னும் கொஞ்சம்.”

திரும்பினாள். கீழே பதினைந்து பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் கையசைக்கவில்லை. கிளைடர் வட்டமடிக்க, பதினைந்து முகங்களும் ஒன்றாகத் திரும்பின.

“இப்ப மூக்கை இறக்கி வேகம் எடு. அப்புறம் சடக்குனு மேல இழு.”

“சடக்குன்னா சார்?”

“சடக்குன்னுதான்.”

இப்படி ஒரு பரீட்சையை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் பரீட்சை அறையில் கேள்வியைக் குறை சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை. இழுத்தாள். உடம்பு இருக்கையில் அழுந்தியது. இரண்டு இறக்கைகளும் வில்லாக வளைந்து நிமிர்ந்தன.

டிக்.

இடது தோளுக்குப் பின்னால், யாரோ விரலைச் சொடுக்கியது போல. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, டிக்.

“சத்தம் ஏதாவது?”

குருவி இடது இறக்கையைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகம் இருந்தால் பரீட்சை ரத்து என்று விதிப்புத்தகத்தில் படித்திருக்கிறாள். உனக்கே பயமா என்று ஒரு மதிப்பெண் குறைத்தாலும் போச்சு.

“இல்ல சார். சுத்தமா எதுவும் இல்ல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

பூப்போல இறக்கினாள். அதுவரை சிலையாக நின்றவர்கள் கைதட்டினார்கள். செயலாளர் ஓடிவந்து அந்த இடத்திலேயே அவள் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“பாஸ். உங்க தெருவுல உன்னை மாதிரி தைரியமான பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வாம்மா.”

“நிறைய பேர் இருக்காங்க சார்,” என்றாள் குருவி. தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேலியை நோக்கி ஓடினாள். அம்மா அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள்.

செயலாளர் தலைவர் பக்கம் திரும்பினார்.

“போன மாசம் முறிஞ்ச இறக்கைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஒட்டு வேலை பிரமாதம், சத்தமே இல்லையாம், நீங்க தைரியமா ஏறுங்க தலைவரே.”