பொத்திய வாய்

ஒரு முழங்கால் மூட்டுக்குள், சவ்வுச் செல் ஒன்றின் வீட்டில், நுண்ணன் என்றொரு குட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலை பார்த்தான். உட்கருவிலிருந்து செய்தி கொண்டு வரும் தூதர்களில் யாராவது அளவுக்கு மீறிக் கத்தினால், அவர்கள் வாயைப் பொத்துவதுதான் அவன் வேலை.

ஒரு நாள் இரண்டு தூதர்கள் ஒன்றாக வந்தார்கள். முன்னால் வந்த தடியன், "எதிரி வந்துட்டான்! படையைக் கூப்பிடு! வீங்கு, வீங்கு!" என்று அலறினான். எதிரி யாரும் வரவில்லை என்று நுண்ணனுக்குத் தெரியும். ஆனாலும் தடியன் கிட்டே போகப் பயமாக இருந்தது.

பின்னால் வந்த ஒல்லியன், "அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று தொடங்கினான். நுண்ணன் பாய்ந்து அவன் வாயைப் பொத்திவிட்டான்.

"ஒருத்தனை அடக்கிட்டேன் அக்கா!"

"கெட்டிக்காரன்டா நீ!" என்றாள் சவ்வுச் செல்.

படை வந்தது. அடிக்க எதிரி இல்லாததால், பக்கத்து வீட்டுக் குருத்தெலும்பை அரிக்கத் தொடங்கியது. மூட்டு வீங்கி, மடங்கவே மறுத்தது.

பாதி தேய்ந்துபோன குருத்தெலும்பு எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த மாதிரி நேரத்துல 'போதும், நிறுத்து'ன்னு சொல்ல ஒல்லியா ஒருத்தன் வருவானே, பார்த்தியா?"

நுண்ணன் ஒல்லியனைத் திரும்பிப் பார்த்தான். மெல்லக் கையை எடுத்தான். ஒல்லியனின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அடப்பாவமே! யாருடா இவனை இப்படிப் பண்ணினது?" என்றாள் குருத்தெலும்பு.

நுண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாயை யாரும் பொத்தவில்லை. இருந்தும், "நான்தான் அக்கா" என்ற சொல் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.