கொக்கிக்கும் ஒரு பூச்சு

நாளைக்குத் துறைமுகத்தில் சோதனை. அந்தச் சரக்குக் கப்பலில் காலையிலிருந்தே பெயின்ட் வாடை. "துருவைச் சுரண்ட நேரமில்லை, மேலேயே அடி" என்று மேலதிகாரி அதட்ட, மாலுமி லூர்துராஜ் உயிர்காக்கும் படகுக்கு ஆரஞ்சும் அதைத் தாங்கும் கொக்கிக்கு வெள்ளையும் பூசினான்.

"புதுசா பொறந்த மாதிரி இருக்கேன்" என்றது படகு.

"என் மூட்டுக்குள்ளயும் பூசிட்டான். காய்ஞ்சா நான் அசையவே முடியாது" என்றது கொக்கி.

"சோதனைக்கு வர்றவர் முன்னாடி அசையாம நின்னா போதும். காரியத்தைக் கெடுத்துடாதே."

மறுநாள் சோதனை அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார். "பளிச்சுன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படகுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த புயலில், நடுக்கடலில் கப்பல் சாய்ந்தது. எல்லோரும் படகில் ஏறி, கொக்கியைக் கழற்றும் பிடியை இழுத்தார்கள். அது நகரவில்லை.

"என்னை விடு! ஆளுங்க இருக்காங்க, விட்டுடு!" என்று கதறியது படகு.

"விடத்தான் பார்க்கிறேன்" என்றது கொக்கி.

கப்பல் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அமிழ்ந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகும் லூர்துராஜ் நகத்தால் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.